அடையாளம் தெரியாத விமானத்திலிருந்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நானும் என் விமானமும் ஒரு கீறல்கூட இல்லாமல் நலம். உங்கள் நலத்தையும் உங்கள் ஹெலிகாப்டரின் நலத்தையும் அறிய ஆவல்.

என் மகளிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய தாள் கிடைத்தது. தவறை ஒப்புக்கொண்டு விமானி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை விசாரணையே இருக்காது என்கிறாள். கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்திரண்டு வருடம் வயல்களுக்கு மேலே பறந்து மருந்து தெளித்தவள் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கிளம்பினேன். நகரத்தில் தலைவர்கள் மாநாடு, அன்றைக்கு மேலே யாரும் பறக்கக் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் விமானிகள் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு பாதுகாப்பு ரோந்து ஹெலிகாப்டர் வந்து ஒட்டிக்கொண்டது. பார்த்தால் உள்ளே நீங்கள். நம்ம மாப்பிள்ளையாச்சே என்று கையாட்டினேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியோவில், "அடையாளம் தெரியாத விமானமே, எங்களைப் பின்தொடரவும்" என்றீர்கள். எட்டு வருஷமா ஞாயிறு தவறாம என் வீட்டுல சாப்பிடுறவர் என்னைத்தான் சொல்றார்னு நான் எப்படி நினைப்பேன்? வேற யாரையோன்னு நான் என் பாட்டுக்கு மாநாட்டு மண்டபத்தை ரெண்டு சுத்து சுத்திட்டேன். நடுவுல, சாப்பிட்டீங்களான்னு உங்களை ஒரு வார்த்தை கேட்டேன். அது கட்டுப்பாட்டு அறை முழுக்கக் கேட்டதுக்கு நானா பொறுப்பு? அப்புறம்தானே உங்க குரல் இறங்குச்சு: "அத்தை, மானம் போகுது. பேசாம பின்னாடி வாங்க." வந்தேனா இல்லையா? முதல்லயே அத்தைன்னு கூப்பிட்டிருந்தா முதல்லயே வந்திருப்பேன்.

விசாரணையிலும் இதையேதான் சொல்வேன். பலகையில் அறிவிப்பை ஒட்டாத அந்தப் பொறுப்பில்லாத ஆள் யாரென்று முதலில் கண்டுபிடிக்கட்டும், அந்த ஆளின் உரிமத்தைப் பிடுங்கட்டும். விசாரணை அதிகாரிக்கும் இப்படியே எழுதி, காலையில் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பேத்திக்கு என் முத்தங்கள். நீங்கள் பறக்கும் திசையெல்லாம் வானம் தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை

பி.கு.: சங்கச் செயலாளர் இப்போதுதான் போன் செய்தார். இந்த மாதம் பலகைக்குப் பொறுப்பு நானாம். தடை உத்தரவு வந்த உறை என் மேசை டிராயரில் பிரிக்காமல் இருக்கிறது. பலகைப் பொறுப்பை இன்றே ராஜினாமா செய்கிறேன். உரிமத்தைத் தர மாட்டேன்.