சிறுத்தைக் குட்டியின் போனைப் பிடுங்கிய மான்

டவர் நன்றாகக் கிடைக்கிற ஒரு காட்டில் இடும்பன் என்றொரு சிறுத்தைக் குட்டி இருந்தான். மீசை அரும்புகிற வயது. (சிறுத்தைக்குப் பிறக்கும்போதே மீசை உண்டு, அதை விடுங்கள்.) போனைக் கையில் எடுத்தால் ஒரு நாளைக்கு நாற்பது மானையாவது சுட்டுத் தள்ளுவான். எல்லாம் திரைக்குள்ளேதான். வெளியே அவன் ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை. மிதிக்க எழுந்தால்தானே! பசித்தால் "அம்மா!" என்பான். அவள் பக்கத்து மலைக்குப் போய்ப் பன்றி அடித்து வந்து ஊட்டுவாள். பள்ளிக்கூடம் இருக்கிற காட்டில் யாரையும் தொடுவதில்லை என்று அவளுக்கு ஒரு மரியாதை.

அந்தப் பள்ளியின் ஆலோசகர் மான்விழி மிஸ், ஒரு புள்ளிமான். ஒருநாள் இடும்பனின் போனை எட்டிப் பார்த்தவள், அதில் மான் சுருண்டு விழுவதைக் கண்டு நடுங்கிப் போனாள். அன்றே அவன் அம்மாவை வரச் சொல்லி, 'மூர்க்கக் குணம் கண்டறியும் படிவம்' ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"பையன் யாரையாவது கடிக்கிறானா?"

"கடிக்கிறதா? நான் மென்னு கொடுத்தாத்தான் முழுங்குறான் மிஸ்."

"யாரையாவது துரத்துறானா?"

"அவனைக் குளிக்க வைக்க நான்தான் துரத்தணும்."

எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' விழுந்தது. மிஸ்ஸுக்குத் திருப்தியில்லை.

"உள்ளுக்குள்ள அடக்கி வச்சிருக்கான். இதுதான் ரொம்ப ஆபத்து," என்று போனை வாங்கிப் பீரோவில் பூட்டினாள். படிவத்தின் அடியில் சிகிச்சையும் எழுதினாள்: தினமும் இரண்டு மணி நேரம் வெளியே ஓடியாடி விளையாட வேண்டும். கூட ஓட ஆள் வேண்டுமே என்று, பாவம், தானே வருவதாகவும் ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் இடும்பனுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் கால் பழகிவிட்டது. ஐந்தாம் நாள் மிஸ் முன்னால் துள்ளி ஓட, அவன் தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வந்தது. அவனுக்கே ஆச்சரியம். போனில் இந்த வாசனை வந்ததே இல்லை.

"இன்னும் வேகமா ஓடுங்க மிஸ்," என்றான் பணிவாக.

"வெரி குட் இடும்பா! அப்படித்தான்!" என்றாள் மிஸ், திரும்பிப் பார்க்காமலே.

அதுதான் அவள் கொடுத்த கடைசி வெரி குட். எனக்கு வருத்தம்தான். நல்ல மனசுக்காரி.

மாலையில் அம்மா அந்தப் படிவத்தில் 'முன்னேற்றம்' என்ற பகுதியை நிரப்பினாள்: "ஓடியாடுகிறான். தானே சாப்பிடுகிறான். போன் கேட்பதே இல்லை. மிஸ்ஸுக்கு மிக்க நன்றி." ஆலோசகர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

நீதி: பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குமுன், அந்தப் பிள்ளை என்ன இனம், நாம் என்ன இனம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.