இறங்காத வாணம்

"அண்ணே, அந்த ஸ்டாப்வாட்சை நிறுத்துங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எதுக்கு நிறுத்தணும்?"

"வாணம் ஏறி நாப்பது நிமிஷம் ஆச்சுண்ணே!"

"ஏறினதை நான் பார்த்தேன். இறங்கினதை நீ பார்த்தியா?"

கம்சிங் கேட்டதும் பூன்தம் மேகத்தை அண்ணாந்து பார்த்தான். வாணத்தைச் செய்தவனே அவன்தான். மழை கேட்டு ஊருக்கு ஊர் மூங்கில் வால் கட்டி வாணம் விடும் திருவிழா. எது அதிக நேரம் ஆகாயத்தில் தங்குகிறதோ அதற்குக் கோப்பை. சரியாகப் போகாத வாணத்தைச் செய்தவனுக்குச் சேற்றுக்குளியல். ஏறும்போது ஸ்டாப்வாட்சை அமுக்கி, தரையிறங்குவதைக் கண்டதும் நிறுத்துவது நேரக்காரரான கம்சிங்கின் வேலை. நல்ல வாணம் என்றால் ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு. அன்று மேகம் தாழ்ந்து தொங்கியது. பூன்தமின் வாணம் சர்ரென்று அதற்குள் புகுந்தது, புகுந்ததுதான்.

வேறு ஆளாக இருந்தால் ஐந்தரை நிமிடம் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். கம்சிங் முப்பத்தோரு வருடம் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர். கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் எந்த வண்டியையும் 'வந்தது' என்று எழுதியதில்லை. நிலாவில் மனிதன் நடந்தான் என்று யாராவது சொன்னால், "நீயும் கூடப் போயிருந்தியா?" என்பார். கைபேசி வரைபடம் அவர் வீட்டைக் குளத்துக்குள் காட்டிய நாளிலிருந்து செயற்கைக்கோளையும் நம்புவதில்லை. அரசியல்வாதிகளைக் கண்ணால் பார்த்த பிறகும் நம்புவதில்லை.

வட்டாரத் தலைவர் உதோம் மேடையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். அடுத்த ஞாயிறு அவருக்குத் தேர்தல்.

"அண்ணே, பக்கத்து ஊர்க்காரன் சண்டைக்கு நிக்கிறான். மைக்கில ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்ல நான் என்ன நீங்களா? உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"அதையாவது சொல்லுங்க."

கம்சிங் மைக்கைப் பிடித்தார். "வாணம் மேல போச்சு. இன்னும் கீழ வரல. அவ்வளவுதான்."

மத்தளம் அதிர்ந்தது; கூட்டம் பூன்தமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கியது.

உதோம் மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா! பொய்யே சொல்லாத மனுஷன் வாயால வந்துடுச்சு! நம்ம வாணம் விண்வெளிக்குப் போயிடுச்சு! அதுவும் என் பதவிக்காலத்துல!"

"நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?" என்று கம்சிங் கத்தியது மத்தளத்தில் கரைந்தது.

சாயங்காலம் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்து அவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினாள். ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று நினைத்தார் கம்சிங்.

"இந்தாம்மா, நல்லா எழுதிக்கோ. விண்வெளிக்கு யாரும் போனதில்ல. ரஷ்யாக்காரனும் போனதில்ல, அமெரிக்காக்காரனும் போனதில்ல. எல்லாம் கொட்டகை போட்டு எடுத்த படம்."

"அப்படியா! உங்க வாணம் மட்டும் இன்னும் இறங்கலதானே ஐயா?"

"இறங்கினதை நான் பார்க்கல."

அவள் கேமரா பக்கம் திரும்பினாள். "ஆக, உலகத்திலேயே முதன்முதலில் விண்வெளிக்குச் சென்றது இந்தக் கிராமத்து வாணம்தான் என்கிறார் அதிகாரபூர்வ நேரக்காரர்!"

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் செய்தி தலைநகரை எட்டிவிட்டது. காலை எட்டு மணிக்குத் துணையமைச்சர் வருகிறாராம். ஏரிக்கரையில் விண்வெளி மையத்துக்கு அடிக்கல் நாட்டுகிறாராம். அதற்கு நேரக்காரர் கையெழுத்து வேண்டுமாம்: 'வாணம் பூமிக்குத் திரும்பவில்லை.'

ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே மனைவி புவாலாய் கேட்டாள்: "போடப் போறீங்களா?"

"திரும்பலன்னு எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கலன்னுதானே சொன்னேன்!"

"அப்போ போடாதீங்க."

"போடலன்னா பூன்தமைச் சேத்துல போட்டுடுவாங்க. மையத்தோட சேர்ந்து ஊருக்கு வரவேண்டிய ரோடும் போச்சும்பாரு உதோம்."

"போட்டா?"

போட்டால் முப்பத்தோரு வருடம் போய்விடும். பார்க்காத வண்டியை 'வந்தது' என்று எழுதுவதும் இதுவும் அவருக்கு ஒன்றுதான்.

"நீங்க பாட்டுக்கு ஆறு நிமிஷம்னு எழுதிட்டு வந்திருக்கலாம்," என்றாள் புவாலாய். "உங்க உண்மையால எவ்வளவு பொய் பாருங்க!"

விடிந்ததும் வயல் வயலாகத் தேடினார். முழங்கால் சேற்றோடு வாய்க்காலைத் தாண்டினால், வேலியோரம் ஏதோ கொடியைச் சுற்றிக்கொண்டு நட்டுக்குத்தலாக நின்றது ஒரு நீள மூங்கில். நுனி கருகியிருந்தது. வாணத்து வால்!

"இறங்கிட்டியாடா!" என்று அதைக் கட்டிக்கொண்டார். கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். பதினேழு மணி நேரம், இருபத்திரண்டு நிமிடம். முப்பத்தோரு வருடமும் பத்திரம்.

எட்டு மணிக்கு மேடையேறி மூங்கிலை உயர்த்தினார். "எல்லாரும் பார்த்துக்கோங்க! விண்வெளியுமில்ல, ஒண்ணுமில்ல. வாணம் இறங்கிடுச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

உதோமின் முகம் வெளுத்தது. பூன்தம் சேற்றுப் பள்ளத்தைப் பார்த்தான். ஆனால் துணையமைச்சர் முப்பது வருட அரசியல்வாதி. மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மக்களே! நேற்றுவரை நமது வாணம் விண்வெளிக்குப் போனது என்று மட்டுமே நினைத்தோம். இன்று தெரிகிறது, போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்திருக்கிறது! பதினேழு மணி நேரம்!"

கைதட்டலில் பந்தல் ஆடியது. பூன்தமுக்கு மாலை விழுந்தது. உதோம் புதிய காகிதத்தை நீட்டினார். கம்சிங் மூன்று தடவை படித்தார். 'மேலே சென்ற வாணத்தின் வாலை நேரில் கண்டெடுத்தேன்.' விண்வெளி என்ற சொல்லே அதில் இல்லை. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். வாலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதாக அறிவித்தார்கள்.

"அவங்க என்ன வேணா உளறட்டும்," என்றார் கீழே இறங்கிப் புவாலாயிடம். "என் கையெழுத்து சுத்தம்."

பச்சைப் பப்பாளி இடித்து விற்கும் லம்துவன் உரலை இறக்கி வைத்துவிட்டு மேடையோரம் காத்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி; வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வயல் அவளுடையது.

"கம்சிங் அண்ணே, உங்க வேலை முடிஞ்சதுன்னா அந்த மூங்கிலைத் திருப்பித் தந்துடுங்க. போன வருஷம் எங்க ஊர்க்காரங்க விட்டு விழுந்த வாணத்தோட வால் அது, பயத்தங்கொடி படர நான்தான் நட்டு வெச்சேன். உங்க வாணம் எங்க பக்கம் இறங்கவே இல்லையே!"