மகளின் ரத்தம் பற்றிச் சம்பந்திக்கு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு,

கமலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், வாணி, உங்கள் மருமகளாகப் போகும் தாமரை மூவரும் நலம். பிரிக்பீல்ட்ஸில் தாங்களும் நல்லம்மாள் அம்மாவும் மாப்பிள்ளை ரிஷியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று நான் எழுதியது வழக்கத்துக்காக எழுதியது இல்லை. தாமரை நிஜமாகவே நலம். அவள் நலமாக இல்லாத ஒரு காலமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்வதற்கு என்ன என்று கேட்பீர்கள். நேரில் சொல்லத்தான் வந்தேன். பரிசம் போட்ட அன்று வாழை இலைக் கடையில் "சம்பந்தி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். நான் மண்டபத்தைப் பற்றிப் பேச வருகிறேன் என்று நல்லம்மாள் அம்மா நினைத்துக்கொண்டு, ஏர்கோன் இல்லாத மண்டபமே வேண்டாம் என்று தொடங்க, பேச்சு மேளக்காரர் வரைக்கும் போய், நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அடுத்த முறை நீங்களே உங்கள் காரில் என்னை ஸ்டேஷனில் விட வந்தீர்கள். நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் நான் டிரைவிங் ஸ்கூலில் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியவன். என் கால் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தால்தான் எனக்கு உயிர் இருக்கும். உங்கள் காரில் அது இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சிக்னல் போடாமல் திரும்புகிறீர்கள். "தாமரைக்குச் சின்ன வயசுல" என்று வாயெடுக்கும்போதெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடியது. கடைசியில் நான் சொல்லி முடித்த ஒரே வாக்கியம் "அண்ணே, லோரி வருது" என்பதுதான்.

சரி, வாட்சாப்பில் பேசியே அனுப்பிவிடலாம் என்று எல்லாவற்றையும் பேசி அனுப்பினேன். அது உங்களுக்கு வராமல் என் மாணவர்கள் குழுவுக்குப் போய்விட்டது. நான் அழுது அழுது பேசியதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் "நோட்டட் சார்" என்று பதில் போட்டார்கள். ஒருவன் மட்டும் "அப்போ நாளைக்கு கிளாஸ் இல்லையா சார்?" என்று கேட்டான். வாணிக்குத் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆறிப்போனத ஏங்க கிளறுறீங்க? கல்யாணம் முடியட்டும் லா" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

விஷயம் இதுதான். தாமரைக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. முதலில் காய்ச்சல். விழாமலே காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. முகம் வெளுத்துவிட்டது. டெங்கியாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம். சைவமான எங்கள் வீட்டில் வாணி கண்ணை மூடிக்கொண்டு நண்டு சூப்பும் வைத்தாள். காய்ச்சல் எதற்கும் அசையவில்லை. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ரத்தம் எலும்புக்குள்ளேதான் உண்டாகிறதாம். அங்கே இருக்கும் தாய்ச் செல்கள்தான் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எல்லாவற்றையும் பெற்றெடுக்கின்றனவாம். ஒவ்வொன்றும் பிறந்து, முதிர்ந்து, வேலை கற்றுக்கொண்ட பிறகுதான் ரத்தத்தில் இறங்க வேண்டும். ஒருநாள் அங்கே ஏதோ ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தன்னையே தப்பாக நகல் எடுத்துவிடுகிறது. அது முதிர்வதும் இல்லை, சாக வேண்டிய நேரத்தில் சாவதும் இல்லை. பெருகுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதன் பிள்ளைகளும் அச்சாக அப்படியே. மஜ்ஜை முழுக்க அவையே அடைத்துக்கொள்ள, நல்ல செல்களுக்கு இடம் இல்லை. சிவப்பு குறைந்ததால் வெளுப்பு, தட்டணு குறைந்ததால் கன்றல், சரியான வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல்.

எனக்குத் தெரிந்த பாஷையில் நான் கேட்டேன். "டாக்டர், எல் லைசென்ஸ்காரன் ஒருத்தன் டெஸ்டே எடுக்காம ஃபெடரல் ஹைவேல இறங்கி, அவன மாதிரியே ஆயிரம் பேர் வந்து ரோட்ட அடைச்சிட்டா, அரிசி லோரியும் ஆம்புலன்சும் எப்படிப் போகும்? அந்த மாதிரியா?" டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதேதான் அங்கிள்" என்றார். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நாங்கள் எதைக் கொடுத்துக் கெடுத்தோம் என்று. "நீங்க ஒண்ணும் பண்ணல. பெத்தவங்க கிட்டேர்ந்து வந்ததும் இல்ல. யாரு தப்பும் இல்ல அங்கிள்" என்றார். வாணி அங்கேயே அழுதுவிட்டாள். நான் ஆம்பிளை என்பதால் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மருந்து ஏற்றி ஏற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. முடி கொட்டி, மறுபடி சுருட்டையாக முளைத்தது. இப்போது இருபத்தாறு வயது. அந்தச் செல் இருந்த அடையாளமே இல்லை என்கிறார்கள். பிள்ளை பெறவும் தடை இருக்காது என்றே டாக்டர் சொல்கிறார். ஜாதகம் கேட்டீர்கள், கொடுத்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கொடுக்கிறேன். படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நான் கோபப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன். ஆனால் தாமரையிடம் மட்டும் மண்டபம் கிடைக்கவில்லை என்பது போல ஏதாவது சொல்லுங்கள், அவள் ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவள் அதைப் போதுமான அளவு கேட்டுவிட்டாள்.

நல்லம்மாள் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, முடிவு எதுவானாலும் அந்த ஆசி அவருக்கேதான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கமலநாதன்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டும் நேரத்தில் தாமரை வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, ரிஷிகிட்ட மொத நாளே சொல்லிட்டேன். பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே அங்கிள் ஆன்டிகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க அழுவீங்கன்னு நான்தான் உங்ககிட்ட அதப் பேச வேணாம்னு அவங்ககிட்ட சொன்னேன்" என்கிறாள். ஆக மேலே உள்ளதில் சிக்னல் விஷயம் தவிர எதுவும் உங்களுக்குப் புதிது இல்லை. இருந்தும் கிழிக்காமல் அனுப்புகிறேன். அவள் சொல்லி முடித்ததும் நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்களாம்: "அப்போ உங்கப்பாகூட யாரும்மா இருந்தா?" அதற்குப் பதில் நான்தான் எழுத வேண்டும். வார்டில் ஒருவர்தான் தங்கலாம், வாணி மேலே தங்கினாள். நான் கீழே காரிலேயே கிடந்தேன். கூரையில் எல் போர்டைப் பார்த்துவிட்டு, "பாஸ், டெஸ்ட் எப்போ எடுக்கலாம்?" என்று சிலர் கண்ணாடியைத் தட்டுவார்கள். மற்றபடி என்கூட யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான், சம்பந்தி.