டாக்டர் மீட்புக் குழுவின் வெற்றிச் செய்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தச் செய்தியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவள். பாராளுமன்ற உறுப்பினர் குடியிருப்பில் சுவரெல்லாம் அட்டை மாதிரி மெல்லிசு என்று நீயே சொல்லியிருக்கிறாய். பக்கத்து வீட்டில் இருப்பவரோ கட்சிக் கொறடா. ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் இதுதான்: நம் டாக்டர் மாப்பிள்ளை தேர்தலில் தோற்றுவிட்டார். அழாதே. தோற்கடித்தது நாங்கள்தான்.

நாங்கள் என்றால் நானும், நம் கிளினிக்கின் பழைய நோயாளிகள் பத்துப் பேரும். "டாக்டர் மீட்புக் குழு" என்று பெயர் வைத்திருக்கிறோம். தலைவர் நான். இருபது வருஷம் கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவன் என்பதால் வரிசையாகப் பேசவைக்க என்னால்தான் முடியும் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பேக்கரிக்காரர் செயலாளர். தையல்கார அம்மா பொருளாளர். பொருள் எதுவும் கிடையாது, ஆனாலும் பதவி வேண்டும் என்றார், கொடுத்தோம்.

பழியை யார்மேலும் போடவில்லை, முதல் குற்றவாளி நானேதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே மாற்றப்போகிறோம் என்று நகரசபையில் கூட்டம் போட்டார்களே, அதற்கு மாப்பிள்ளை போய், "நல்லா வேலை செய்யற உடம்புல எதுக்குய்யா கத்தி வைக்கறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வெளியே நோயாளி காத்திருக்கிறார் என்று கிளம்பி வந்துவிட்டார். மறுநாள் காலையில் பழமைக் கட்சிக்காரர்கள் நாலு பேர் கிளினிக்குக்கு வந்தார்கள். எங்கள் கொள்கை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், நீங்கள்தான் வேட்பாளர் என்றார்கள். மாப்பிள்ளை அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார். நான்தான், "ஒரு தடவை போய்ட்டு வாங்களேன் மாப்பிள்ளை, எங்களுக்கும் பெருமையா இருக்கும்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். ஜெயித்துத் தலைநகருக்குப் போனவர்தான். உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே போயும் அவர் வைத்தியத்தை விட்டாரா? கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும் என்று மசோதா வந்தபோது எழுந்து நின்று, "இதை முன்னாடி யாருக்காவது குடுத்துப் பார்த்தீங்களா? பக்க விளைவு என்ன?" என்று கேட்டாரே, ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டியது. எந்த மசோதா வந்தாலும் "பதினஞ்சு நாள் பார்ப்போம், தானா சரியாப் போகும்" என்றே சொன்னார். பாதி மசோதா தானாகவே சரியாகப் போய்விட்டதாம். எதிர்க்கட்சித் தலைவர் தொண்டை கரகரக்கிறது என்று நடைக்கூடத்தில் வந்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். மாப்பிள்ளையும் டார்ச் அடித்துப் பார்த்து, மூன்று நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று நாளும் எதிர்ப்பே இல்லாமல் எல்லாம் நிறைவேறியது. இவருடைய ராஜதந்திரத்தைப் பார்த்து அசந்துபோன கட்சி இவரைத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அது வெறும் தொண்டைப்புண் என்று. யாரும் நம்பவில்லை. அரசியலில் அப்படித்தான், உண்மையைச் சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் அங்கே ஏற ஏற நாங்கள் இங்கே இறங்கிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பதிலாக வந்திருக்கும் லேடி டாக்டர் தங்கமான பெண், படிப்பில் புலி, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் திட்டத் தெரியவில்லை. மாப்பிள்ளை எப்படித் திட்டுவார்! பேக்கரிக்காரரைப் பார்த்து, "உப்பைக் குறைன்னு சொன்னேனா, உப்புல குளின்னு சொன்னேனா? அடுத்த மாசம் வர்றதுக்குள்ள அழுத்தம் இறங்கலைன்னா டாக்டரை மாத்திக்கோ" என்பார். பேக்கரிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வருவார். அழுத்தம் வாசலிலேயே பாதி இறங்கிவிடும். நாங்கள் குழுவாகப் போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னோம். அதுவும் பாவம், முயற்சி செய்தது. "தயவு செஞ்சு உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கறீங்களா சார்?" என்று கேட்டதாம். என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று பேக்கரிக்காரர் கண் கலங்கி வந்தார்.

அதனால்தான் இந்தத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தே தீருவது என்று முடிவெடுத்தோம். அவராக விலகமாட்டார், கட்சியும் விடாது. தோற்றால் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்? எதிர்த்து நிற்பவர் முற்போக்குக் கட்சியைச் சேர்ந்த பூகோள டீச்சர், ரொம்ப நல்லவர். அவருக்காக நம் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். முழங்கால் வலியோடு தையல்கார அம்மா மூன்று மாடி ஏறினார். "நம்ம டாக்டர் மாதிரி ஒரு மனுஷன் உண்டா? ராத்திரி பகல் பார்ப்பாரா? உங்க பையனுக்கு வலிப்பு வந்தப்ப செருப்புகூடப் போடாம ஓடி வந்தாரே, ஞாபகம் இருக்கா? அப்படிப்பட்டவருக்குத் தயவு செஞ்சு ஓட்டுப் போட்டுடாதீங்க!" என்று எல்லா வீட்டிலும் உருகி உருகிப் பேசினார். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். நன்றி சொல்ல வந்த டீச்சர் இதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நீங்க எனக்குத்தான் ஓட்டு கேக்கறீங்களா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். சத்தியமாக உங்களுக்குத்தான் என்றேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

இதற்கு நடுவில் மாப்பிள்ளையும் பிரசாரத்துக்கு வந்து மாடியில் தங்கியிருந்தார். அவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை ஒரு கையிலும் டீச்சருடையதை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது, "என்ன மாமா, நம்ம தெரு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "உங்க மேல உயிரையே வெச்சிருக்காங்க மாப்பிள்ளை" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் ஏனோ பெருமூச்சு விட்டார்.

இன்று காலையிலிருந்து எண்ணுகிறார்கள். மத்தியானம் பேக்கரிக்காரர் மாவு கையோடு ஓடி வந்தார். டாக்டர் நூற்று எண்பத்தாறு ஓட்டு பின்னால், இன்னும் ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி, அதுவும் நம் தெருப் பெட்டி என்றார்! நாங்கள் உழுது விதைத்த பெட்டி. இனி என்ன சந்தேகம்? தையல்கார அம்மா முழங்காலை மறந்து குதித்தார். மாப்பிள்ளையின் கட்சி அலுவலகத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். நான் கிளினிக்கைத் திறந்து அவருடைய பழைய சுழல் நாற்காலிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, டோக்கன்களையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன். லேடி டாக்டரிடம் பேசியாகிவிட்டது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு அவரிடம் திட்டப் பழகிக்கொள்கிறேன் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டது.

மகளே, உன்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. பேத்திக்கு முன்பல் விழுந்ததைப் படத்தில்தான் பார்த்தேன். உன் அம்மா உங்கள் அறைக்குத் திரை மாற்றிவிட்டு ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் வேண்டும் என்று ஊரிடம் சொல்லிக்கொண்டாலும் எனக்கு வேண்டியது நீங்கள் மூன்று பேரும்தான். பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டு. மாப்பிள்ளை வருத்தமாக இருந்தால் ஆறுதல் சொல், ஆனால் நாங்கள் செய்ததை மட்டும் சொல்லிவிடாதே. நீ குறைவில்லாமல், நிறைவாக, சீக்கிரமாக எங்கள் பக்கத்தில் வந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடைசிப் பெட்டியையும் எண்ணிவிட்டார்கள். நம் தெருவில் விழுந்தவை மொத்தம் இருநூற்றுப் பதினாலு. அதில் மாப்பிள்ளைக்கு இருநூற்றுப் பதிமூன்று. இருபத்தாறு ஓட்டில் ஜெயித்துவிட்டார். இன்னும் நாலு வருஷம்.

உடனே குழுவைக் கூட்டினேன். "அந்த ஒத்தை ஓட்டு என்னோடதுதான்" என்று பேக்கரிக்காரர் மார்பைத் தட்டினார். இல்லை, என்னுடையது என்றார் தையல்கார அம்மா. இப்படியே பத்துப் பேரும் சொன்னார்கள். தலைவர் என்ற முறையில் அது என்னுடையது என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். உன்னிடம் மறைப்பானேன், சாவடிக்குள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். சீட்டில் அவர் பெயரைப் பார்த்ததும் கை கேட்கவில்லையம்மா. உன் பிரசவத்தின்போது இரண்டு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை அவர்.

இப்போதுதான் எண்ணும் இடத்திலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே மேளச் சத்தம். வாழ்த்துகள் மாப்பிள்ளை என்றேன். மேளச் சத்தத்தைவிட்டு அவர் தள்ளி வந்தார் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாக, "வீட்டுக்கு வந்துடலாம்னு பார்த்தேன் மாமா. நம்ம சாவடில எனக்கு எதிரா ஒண்ணே ஒண்ணு விழுந்திருக்கே, அது நான் போட்டது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.