ஆறு மாதமாகக் குளிசை மாறாத மனிதன்

கண்டாவளை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் கிருசாந்திக்கும், மதிப்புக்குரிய மருமகன் கோகுலனுக்கும்,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம், அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அந்த வரியை எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. நலம் என்று எழுதிவிட்டு நாளைக்கு ஏதும் நடந்தால், காப்புறுதிக் கொம்பனிக்காரர் இந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நலமாக இருந்த மனுசனுக்கு எங்கிருந்து வருத்தம் வந்தது என்று கேட்பார்கள். நலமில்லை என்று எழுதினால் காப்புறுதி அந்த இடத்திலேயே போய்விடும். ஆகவே நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தொடங்குகிறேன். நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் வீடியோவில் என் முகத்தைப் பார்த்தால் வயிற்றுப்பிள்ளைக்காரி நீ கலங்கிப் போவாய். நான் எழுதிப் போனில் படம் பிடித்து மருமகனுக்கு அனுப்புகிறேன். அவர் முதலில் வாசித்து, உன்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டுக் காட்டட்டும். தம்பி கோகுலன், தயவுசெய்து கைபிடி உள்ள கதிரையாகப் பாருங்கள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். உனக்குக் குழந்தை பிறக்கிற நேரம் அம்மாவும் நானும் கனடாவில் நிற்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டு, விசா எடுத்து, எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்புறுதியும் கட்டினீர்கள் அல்லவா? அதன் முகவர் யதுர்ஷிகா என்ற பிள்ளை ரொறன்ரோவிலிருந்து என்னோடு கதைத்தார். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. ஆனால் எல்லாம் தொடங்கியது அவர் சொன்ன கதையில்தான். "அங்கிள், உங்களுக்கு ஏற்கெனவே பிறஷர் இருக்கிறபடியால், பயணத்துக்கு முந்தின ஆறு மாதமும் அது ஒரே மாதிரி நிக்க வேணும். மருந்து மாறக் கூடாது, அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது, புதுசா ஒரு குணமும் தெரியக் கூடாது. மாறினால் அந்த வருத்தத்துக்குக் கொம்பனி காசு தராது" என்றார். "தும்மினால், பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கக் கேட்கவில்லை.

பென்சன் எடுக்கும்வரை குளத்து வான்கதவடியில் நின்று நீர்மட்டம் பார்த்தவன் நான். மட்டம் அசையாமல் நின்றால்தான் எனக்கு நித்திரை வரும், விரல்மொத்தம் ஏறினால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் உன் இரத்த அழுத்தம் ஆறு மாதம் அசையக் கூடாது என்றால் அவன் என்ன செய்வான்? அதற்குமேல் நெளுக்குளத்து வீரபாகுவின் கதை வேறு. என்னோடு வேலை செய்தவர், உனக்குத் தெரியும். மகனிடம் போன இடத்தில் நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். போவதற்குச் சற்று முன்னர் இங்கே கிளினிக்கில் அவர் பிறஷருக்கு விழுங்கிய அரைக் குளிசையை முழுக் குளிசை ஆக்கியிருந்தார்கள். கொம்பனி அதைப் பிடித்துக்கொண்டு கையை விரித்துவிட்டது. மகன் வாங்கிய வீட்டை விற்றுக் கட்டினான். மனுசன் சுகமாகத்தான் திரும்பி வந்திருக்கிறார், ஆனால் மகனோடு போனில் கதைக்கிற ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்குகிறார். பிள்ளை, எனக்குச் சாகப் பயமில்லை. உங்கள் வீட்டை விற்க வைத்துவிட்டுப் பிழைத்து எழும்பத்தான் பயம்.

ஆகவே அன்றிலிருந்து நான் அசையாமல் இருக்கத் தொடங்கினேன். சைக்கிளை விட்டேன். கிரிக்கெட் பார்ப்பதை விட்டேன். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்கா பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்தபோது கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன், அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வயல் வரம்பில் காலில் காரைமுள் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள், ஊசி போட்டால் புது வைத்தியம் என்று எழுதப்படும். நான் போகமாட்டேன் என்று நின்றேன். அம்மாதான் தையல் ஊசியைச் சுட்டு முள்ளைக் கிண்டி எடுத்தார். முள்ளை அறிவிக்க வேண்டுமா என்று யதுர்ஷிகாவுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். "அங்கிள், முள்ளைப் பற்றிப் பொலிசியில ஒண்டும் இல்லை" என்று பதில் வந்தது. இல்லை என்றால் தருவார்கள் என்று அர்த்தமா, தரமாட்டார்கள் என்று அர்த்தமா என்று மறுபடி கேட்டதற்கு அந்தப் பிள்ளை கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினார்.

இப்படிக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் கிளினிக்கில் இடி விழுந்தது. வழமையாக எனக்கு வெள்ளைக் குளிசை. அம்மாவுக்கும் அதே பிறஷர், அதே கிளினிக், அதே வெள்ளைக் குளிசை. அந்த முறை யன்னலால் நீட்டியது ரோஸ் நிறம். நான் கையை இழுத்துக்கொண்டேன். மருந்து கொடுக்கிற பிள்ளை, "ஐயா, இது அதே மருந்துதான், அதே அளவுதான். செய்த கொம்பனிதான் வேற" என்றது. "நிறம் மாறிட்டுதே பிள்ளை, நான் கனடாவுக்குப் போறன்" என்றேன். "கனடாவுக்குப் போனால் என்ன, இஞ்ச வந்தது இதுதான்." "பழையதில கொஞ்சம் தேடிப் பாக்க ஏலாதோ?" எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை, "ஐயா, நிறம்தான் பிரச்சினையெண்டால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குங்கோ" என்று என் கைக்குள் திணித்துவிட்டது. வீட்டுக்கு வரும்வரை ஓட்டோவுக்குள் அந்தப் பையை நான் மடியில் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, இதுக்கே இந்தப் பாடு? என்னட்டைப் பழைய வெள்ளைக் குளிசை கனக்கக் கிடக்கு. நீங்கள் அதை எடுங்கோ, நான் ரோசை எடுக்கிறன்" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த மாதமும் ரோஸ்தான் வந்தது, அம்மாவின் அலுமாரியிலிருந்து எனக்கு வெள்ளைதான் வந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒரே கிளினிக்கில் ஒரே அளவு மருந்தெடுக்கிற மனுசியிடம் இவ்வளவு குளிசை எப்படி மிச்சம் வந்தது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, பிள்ளை. நீர்மட்டம் பார்த்த கண் இது.

இனித்தான் நீ கதிரையின் கைபிடியைப் பிடிக்கவேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை அம்மா குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இருந்தார். விழவில்லை, இருந்தார். "ஒண்டுமில்லை, தலை சுத்துது" என்றார். முகம் சாம்பலாய்க் கிடந்தது. நான் கூப்பிட்ட சத்தத்தில் சிவலட்சுமி அக்கா கோபத்தையும் மறந்து ஓடிவந்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழிமுழுக்க அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது, அது குளிர்ந்து போயிருந்தது. எனக்குக் காப்புறுதியும் நினைவில்லை, கனடாவும் நினைவில்லை.

அங்கே டொக்டர் நிதர்சனா என்று முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, உன்னுடைய வயதுதான் இருக்கும். பிறஷரைப் பார்த்துவிட்டு இன்னொரு தரமும் பார்த்தார். "அம்மா, குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். "ஓம் டொக்டர், சாப்பிடுற நாளில எடுக்கிறன்" என்றார் அம்மா. "சாப்பிடாத நாளெண்டு ஒண்டு இருக்கோ?" "விரதமெண்டால் எப்பிடி டொக்டர் எடுக்கிறது? காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. விரதத்தில காலமைச் சாப்பாடு இல்லையே." "பின்னேரம் சாப்பிடேக்க எடுத்திருக்கலாமே?" "காலமை எண்டு எழுதினதை நான் எப்பிடிப் பின்னேரம் எடுக்கிறது?" டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "என்னென்ன விரதம் அம்மா?" அம்மா சொல்லத் தொடங்கினார். வெள்ளி, திங்கள், செவ்வாய், வியாழன், சனி, சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம், கார்த்திகை, ஏகாதசி. "அப்ப எப்பதான் காலமையில சாப்பிடுறனீங்கள்?" "ஞாயிறும் புதனும் சாப்பிடுறனான் டொக்டர். சதுர்த்தி சஷ்டி வராட்டி." டொக்டர் பிள்ளை பெருமூச்சு விட்டு, "எங்கட அம்மாவும் ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் வந்தால் இதே கதைதான். அவாவையும் நான்தான் பேசுறனான்" என்றார்.

வெள்ளிக்கிழமை விரதம் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் உனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று, நீ வயிற்றுப்பிள்ளை என்று சொன்ன நாளிலிருந்து சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டவை. நான் காலைச் சாப்பாட்டை முடித்து எழும்பிய பிறகு அம்மா குசினிக்குள் இருந்து சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் வந்த அந்தக் குளிசைகளைத்தான் நான் விழுங்கினேன். என்னுடைய மட்டம் அசையாமல் நின்றது, அவருடையது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது, டொக்டருக்கு முன்னால் அழுதேன்.

டொக்டர் அம்மாவுக்குப் புது மருந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் காட்டவேண்டும், இப்போதைக்குப் பிளேன் ஏறக் கூடாது. இன்றைக்கு நன்றாக இருக்கிறார், எழும்பி நடக்கிறார், என்னைப் பேசுகிறார், அதை நீ நம்பலாம். யதுர்ஷிகாவுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அம்மாவுடைய ஆறு மாதம் இனிப் புதிதாகத் தொடங்க வேண்டுமாம். என்னைப் பற்றிக் கேட்டேன். மருந்தும் அளவும் ஒன்றென்றால் நிறத்தைப் பற்றிக் கொம்பனிக்கு ஒரு கவலையும் இல்லையாம், அங்கிள் ஏன் இதை முதலே கேட்கவில்லை என்றார். முள்ளைப் பற்றிக் கேட்ட நான் இதைக் கேட்கவில்லை.

ஆகவே மகள், மனதைத் திடப்படுத்திக்கொள். நாங்கள் வரவில்லை. அம்மா வர முடியாது, அம்மா இல்லாமல் நான் வந்து என்ன பிரயோசனம்? மருமகனுக்குத் தாய் இல்லை, உனக்கு அங்கே பெரியம்மா சின்னம்மா இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க எனக்குத் தெரியுமா? தேத்தண்ணிக்கே நான் தண்ணீரை எரிய விடுகிறவன். கொழும்புக்கே இரண்டு பேர் கூட வந்தால்தான் போவேன். நடுவில் பிளேன் மாறவேண்டுமாம், அந்த இடத்தில் வழி தவறினால் யாரிடம் கேட்பேன்? இந்த மனுசன் வந்தால் உனக்கு இரண்டு குழந்தை. அங்கே பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற தமிழ் ஆட்கள் இருப்பார்கள், விசாரி. எங்கள் பிளேன் ரிக்கற்றை நிற்பாட்டு. என்னில் கோபிக்காதே.

உன்னையும் வயிற்றில் இருக்கிற செல்வத்தையும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் காக்கட்டும். அவர் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. மருமகனுக்கு என் அன்பைச் சொல். அம்மா நித்திரை, எழும்பினதும் ஆசி சொல்லுவார்.

இப்படிக்கு,
பயந்த அப்பா,
யோகலிங்கம்.

பி.கு: தம்பி கோகுலன், மேலே உள்ளதை மகளுக்குக் காட்டவேண்டாம். காட்டிவிட்டீர்கள் என்றால் கைபிடியை விடச் சொல்லுங்கள். படம் பிடிக்க முதல் அம்மா எழும்பி முழுவதையும் வாசித்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "உங்கட காப்புறுதி இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப நீங்கள் போங்கோ. நீங்கள் பிளேன் ஏறினால்தான் நான் விரத நாளிலயும் குளிசை எடுப்பன். இல்லாட்டி இல்லை" என்றார். மாங்குளத்திலிருந்து அவருடைய தங்கை சுமித்திரா வந்து கூட நிற்கிறாவாம், அதையும் போனில் கதைத்து முடித்துவிட்டார். நான் சாட்சிக்குக் கோயில் ஐயரைக் கூப்பிட்டேன், விரதத்தில் குளிசை எடுக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஐயர் எனக்குப் புருசனில்லை" என்றார் அம்மா. ஆகவே அம்மாவின் ரிக்கற்றை மட்டும் நிற்பாட்டுங்கள். என்னுடையதை விடுங்கள். நான் வருகிறேன்.

இப்போது குசினியில் இருந்து எழுதுகிறேன். அம்மா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல மிளகும் சீரகமும் உள்ளியும் நான் அரைக்கிறேன், கண் எரிகிறது. இரண்டு தரம் பிழைத்து, மூன்றாவது தரம் வைத்த பத்தியக் கறியை அம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை சாப்பிடுவாள் என்றார். எனக்குப் பயமாயிருக்கு ஜெகதீஸ்வரி, தனிய நான் எப்பிடிப் போறது என்று அம்மாவிடம் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பயந்தால் பயந்துகொண்டு போங்கோ. போய்ப் பிள்ளைக்குச் சோத்தைக் குடுங்கோ."