முதலில் நின்ற இடம்

இந்த நாட்டில் சட்டத்தை முழுதாக நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எண்ணூர் சாலையில் மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று சக்கரத்தில் மோட்டாரைப் பூட்டிய அந்த வண்டிக்கு நம்பர் கிடையாது. சட்டப்படி அப்படியொரு வண்டியே இருக்கக் கூடாது. அதனாலெல்லாம் அவருடைய நம்பிக்கை அசையவில்லை.

அவர் பெயரை அரசாங்கப் படிவத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் அவர் 'ஆஜர்'தான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், வடசென்னையின் ஒரு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு நான் எழுத்தர். வாசலில் வண்டிச் சத்தம் ஓயும். முதலில் மீன் வாடை வரும். பின்னாலேயே "ஆஜர் சார்" என்ற குரல் வரும்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். முகத்துவாரக்குப்பத்திலிருந்து பிரசவத்துக்கு இராயபுரம் மருத்துவமனைக்குப் போகும் பெண்கள், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு குழந்தை ஆஜரின் வண்டியிலேயே பிறந்துவிட்டது. இதை யார் வந்து பதிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். படித்தவன் என்ற திமிரில் விதியை ஒப்பித்தேன். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் பொறுப்பு. மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பாளர். ஓடும் வண்டியில் பிறந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் அதை ஓட்டியவர் தகவல் தர வேண்டும்.

மூன்று முறை சொல்லச் சொன்னார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தினி நாளா சட்டம் என்னிய தொரத்திகினு இருந்துச்சு சார். இப்பதான் கூப்ட்டுகீது."

அடுத்த குழந்தை பிறந்தபோது, தாயையும் பிள்ளையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் நேராக எங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினார். முதலில் நிற்கும் இடம் இதுதானாம். வண்டியிலிருந்த மாமியார்க்காரியின் வாய்க்கு அன்று அலுவலகமே எழுந்து நின்றது.

"தொப்புள்கொடி கூட அறுக்கல, இவன் புள்ளைய ஆபீசுக்கு இட்டாந்துகீறான் பாரு. ஏன்டா, அது இன்னா பென்சனா கேக்குது?"

தாயை இறக்கிவிட்ட பிறகு நிற்கும் இடம்தான் முதல் இடம் என்று அவசரமாக ஒரு புது விதியை நானே இயற்றி அனுப்பி வைத்தேன். அதையும் நம்பினார்.

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம், இடம், எத்தனையாவது லாரிக்குப் பக்கத்தில் என்பதுவரை எழுதிக்கொண்டு வருவார். "ஒரு குத்து குத்து சார்" என்று அதில் தேதி முத்திரை கேட்பார். ஒழியட்டும் என்று குத்திக் கொடுப்பேன். பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு பிள்ளையையும் விட்டதில்லை என்று குப்பம் முழுக்கப் பெருமை பேசினார்.

நான்காவது, செல்வி என்ற மீனவப் பெண்ணின் மகள். எங்கள் நகராட்சிக்கும் அடுத்த நகராட்சிக்கும் நடுவில் நட்ட எல்லைக் கல்லுக்கு நேராக வண்டி நின்றபோது பிறந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"தல அந்தாண்ட வந்துச்சு சார், காலு இந்தாண்ட வந்துச்சு. நீயே பாத்து போட்டுக்கோ."

சிரித்துக்கொண்டே அவருடைய சீட்டில் முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டேன். எந்த ஊர்க் கணக்கு என்று மேலதிகாரியைக் கேட்டுக்கொள்ளலாம் என்று படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். மறுவாரம் என்னைத் தேர்தல் வேலைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மறந்திருந்தேன். ஆஜரும் செல்வியும் பதிவாகிவிட்டது என்றே இருந்தார்கள்.

ஐந்து வருடம் கழித்துச் செல்வி வந்தாள். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டேன் என்கிறார்களாம். பதிவேட்டில் அந்தக் குழந்தை இல்லை. ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். அந்தப் படிவம் அடியில் கிடந்தது. மடித்து வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன். எனக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. மற்றதற்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அடுப்பில் போட்டதற்கு இன்றுவரை முடியவில்லை.

நீதிமன்றத்துக்குப் பதிவேட்டோடு நான் போக வேண்டியிருந்தது. ஆஜரை அழைத்தார்கள். அன்று அவர் 'ஆஜர்' என்று சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. வண்டி நம்பர் என்ன என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கும், இல்லை என்று அவர் பணிவோடு சொன்னதற்கும்தான் சிரித்தார்கள்.

"பிறந்ததை நீதானே சொல்லியிருக்க வேண்டும்? ஏன் சொல்லவில்லை?"

ஆஜரின் கை சட்டைப் பைக்குப் போனது. பாலிதீன் சரசரத்தது. என் முத்திரை, என் தேதி, என் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

கை வெறுமையாக வெளியே வந்தது.

"மறந்துட்டேன் சாமி."

வண்டியோட்டியின் அலட்சியத்தால் பதிவு விடுபட்டது என்று உத்தரவில் எழுதினார்கள். குழந்தைக்குச் சான்றிதழ் கிடைத்தது; பள்ளியில் சேர்ந்தாள். வராந்தாவில் அவரை மடக்கி ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முதல்முறையாக அவரைப் பன்மையில் அழைத்தேன்.

"சீட்ட காமிச்சாலும் காமிக்காட்டியும் புள்ளைக்கு சர்டிபிகேட் வந்துரும்னு வக்கீலு சொன்னாரு. உனக்கு ரிட்டயர் ஆவ இன்னும் ஒரு மாசந்தான கீது சார். இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சீட்டை என் கையில் வைத்தார். "ஆனா ஒண்ணு சார். அலட்சியம்னு எழுதாம வேற எதுனா எழுதியிருக்கலாம்."

அதன் பிறகு எங்கள் வாசலில் அந்த வண்டி நிற்கவில்லை. நான் முழு ஓய்வூதியத்தோடு மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 'மறதி மாமு' என்று குப்பத்தில் அவரைக் கேலி செய்வதாகக் கேள்விப்பட்டேன். போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று பலமுறை செருப்பை மாட்டியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செல்விதான் சொன்னாள்.

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. மீன் வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. தாமதமாகத்தான் பதிகிறேன்: ஆஜர் மறக்கவில்லை. அன்றைக்கே வந்தார், முதலில் நின்ற இடத்திலேயே சொன்னார்.