சம்சுன் மாமி மங்கலான கதை

புதுக் கெமரா வாங்கலாமா வேண்டாமா என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கிவிட்டால், மனதுக்குள் அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீட்டாரைச் சம்மதிக்க வைக்கும் வேலை. நானும் அப்படித்தான் பல மாதங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் ஆயும்போது யோசித்தேன், உடுப்புக் காயப்போடும்போது யோசித்தேன், தொழுகை விரிப்பை மடிக்கும்போதும் யோசித்தேன் (அல்லாஹ் மன்னிக்கட்டும், மடிக்கும்போதுதான், விரித்திருக்கும்போது இல்லை).

எனக்குத் தொழில் கலியாண வீடுகளில் படமெடுப்பது. கல்முனைப் பக்கத்தில் ஆண்கள் பகுதியைப் படமெடுக்கத் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார். பெண்கள் பகுதிக்குள் அவர்கள் தலையைக்கூட நீட்ட முடியாது. அங்கே என்னைப் போன்ற நாலைந்து பெண்களின் ராச்சியம்தான். ஆனால் அந்த ராச்சியத்தில் ஒரு குறை உண்டு. வெளியாட்கள் கண்ணில் படக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தித் திரை போட்டுவிடுவார்கள். உள்ளே ஒரு மின்குமிழும், அறை நிறையப் பெண்களும், அவர்களுடைய அத்தர் வாசமும்தான் மிஞ்சும். அந்த இருட்டில் என் பழைய கெமரா எடுக்கும் படங்கள் மணப்பெண்ணின் முகத்தில் யாரோ ரவையைத் தூவிவிட்டது போலத்தான் வரும்.

இதற்கெல்லாம் மருந்து ஃபுல் ஃபிரேம் கெமராதான் என்று இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். சென்சர் பெரிது, இருட்டிலும் வெளிச்சத்தை வாரிக் குடிக்கும் என்றார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. விளங்காத மற்றப் பாதியைத்தான் நான் முழுமனதாக நம்பினேன்.

உம்மா நம்பவில்லை. எங்கள் ஊரில் மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீட்டையும் சேர்த்துத்தான் கொடுப்பது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துதான் குடியேறுவார். எனக்கென்று எழும்பிய வீடு கூரை வரைக்கும் வந்து, நிலத்துக்கு டைல்ஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. வாப்பா சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிறார். அந்தப் போகத்து வேளாண்மையை வெட்டி விற்றால் ஒன்று டைல்ஸ், இல்லாவிட்டால் கெமரா. இரண்டுக்கும் காணாது.

"வீட்டுக்கு டைல்ஸ் போடாம கெமராவா?" என்றா உம்மா. "எந்த மாப்பிள்ள புள்ள கெமராக்குள்ள வந்து குடியிருப்பான்?"

வாப்பாவைப் பார்த்தேன். "நீயும் உம்மாவும் கதைச்சி முடிங்க" என்று சொல்லிவிட்டு, வராத ஒரு ஃபோன் அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அந்த நேரம்தான் அக்கரைப்பற்று நிஸ்ரின் ராத்தா கூப்பிட்டா. அவவும் என் தொழில்தான். கத்தாரில் இருக்கும் கணவரிடம் போகப்போவதால், தன்னுடைய ஃபுல் ஃபிரேம் கெமராவை விற்றுவிட நினைத்தா. "ஒரு கலியாணத்துக்குக் கொண்டு போய் எடுத்துப் பாரு. புடிச்சா வெச்சிக்க, புடிக்காட்டி திருப்பித் தா" என்றா. கூடவே ஒரு லென்ஸையும் தந்தா. அதன் அப்பச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் வாயை, முழுதாகத் திறந்துவிட்டால் கவனம் வைத்த இடம் மட்டும் பளிச்சென்று விழும், முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துபோகும். வீட்டுக்கு வந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பார்த்தேன். பழம் மட்டும் நின்றது, பின்னால் கிடந்த கோழிக்கூடு கனவாகிவிட்டது. எனக்கு அழுகை வராத குறை. எங்கள் கோழிக்கூட்டையே அழகாக்கிய கெமரா என்னைத்தான் என்ன செய்யாது?

அன்றைக்கே ஒரு முடிவெடுத்தேன். இனி அந்த வாயை மூடுவதே இல்லை.

கலியாணம் சம்மாந்துறையில். மணப்பெண் ஹஸ்னா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெண்கள் பகுதி வாசலில் அவளுடைய உம்மா நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சட்டத்தைச் சொன்னா. "ஃபோனெல்லாம் பேக்குக்குள்ள போடுங்க. ஒராளும் படமெடுக்கப்படா. படமெடுக்க ரிஸ்மியா இரிக்கா." யாராவது எடுத்து, அது யாருடைய ஸ்டேட்டஸிலாவது ஏறி, ஊர் ஆண்களெல்லாம் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் அன்றைய நாள் முழுவதும் என் கையில் இருந்த ஒரே ஒரு கெமராவுக்குள் போய் விழுகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ரிஸ்மியா நான்தான். "ரிஸ்மியா இரிக்கா" என்றதும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாய், சம்சுன் மாமி. கடுகு நிறத்தில் புதுச்சாரி, இரண்டு கையிலும் காப்பு, முகத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு. ஒரே மகனின் கலியாணம். மருமகளின் கழுத்தில் சங்கிலி போடுகிற அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மாமி வருசக்கணக்காகக் காத்திருந்திருக்கிறா. குரவை எழும்பியது. மாமி குனிந்து சங்கிலியைப் போட்டா. நான் நெருங்கிப் போய்ச் சங்கிலியில் கவனத்தை வைத்து அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். கெமராவின் பின்னால் உள்ள சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. (தீப்பெட்டி அளவுக்குப் பார்த்தால் எவருமே அழகுதான்.)

பெண்கள் பகுதிப் படங்களை நாங்கள் யாருக்கும் ஃபோனில் அனுப்புவதில்லை. கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். அடுத்த கிழமை ஹஸ்னாவின் வீட்டில் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, பெரிய டீவியில் பென்டிரைவைச் செருகினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வட்டிலப்பத்தோடு வந்து நிலத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் புகழ்ச்சியை வாங்கிக்கொள்ள வசதியாக ஒரு கதிரையைத் தேர்ந்தெடுத்து அமர்ந்தேன்.

முதல் படங்கள் ஹஸ்னா தனியாக நிற்பவை. ரவை இல்லை, மணல் இல்லை, முகம் நிலவு போல இருந்தது. "மாஷா அல்லாஹ்!" என்றார்கள். நான் வெட்கப்படுவது போல் நடித்தேன். அடுத்து ஹஸ்னாவும் அவளுடைய தோழிகளும். ஹஸ்னா இருந்தாள், தோழிகளைக் காணவில்லை. நிற நிறமாகச் சில பொட்டுகள் மட்டும் நின்றன. "இது ஆரு?" "சாரியப் பாத்தா பர்ஸானா மாதிரி இரிக்கி." "இல்ல, பர்ஸானா இவ்வளவு ஒசரமில்லயே." அறையில் ஒரு விடுகதைப் போட்டி தொடங்கியிருந்தது. நான் மெல்லக் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் சங்கிலிப் படம் வந்தது. டீவி நிறையச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. கொக்கியில் நகைக்கடைக்காரர் அடித்திருந்த முத்திரையைக்கூட வாசிக்கலாம். அதற்குப் பின்னால், இடியப்பச் சட்டியைத் திறந்ததும் கிளம்புகிற ஆவிக்குள் யாரோ நின்றது போல, கடுகு நிறத்தில் ஒரு புகை.

சம்சுன் மாமி எழும்பி டீவிக்குக் கிட்டப் போனா. சாரித் தலைப்பால் திரையை நன்றாகத் துடைத்தா. புகை போகவில்லை.

"சங்கிலி போடுறது ஆரு?" என்று கேட்டா.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அது... நீங்கதான் மாமி" என்றேன்.

அடுத்த படம் போட்டார்கள், அதற்கடுத்ததும் போட்டார்கள். மாமி எல்லாவற்றிலும் புகையாகவே இருந்தா. ஒன்றில் மட்டும் ஒரு காப்பு தெளிவாக விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் சகோதரிகளில் ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னா: "பொண்ணூட்டு ஆள்தானே படமெடுத்த. அதான் எங்கட ஆக்கள அழிச்சிரிக்கி." ஹஸ்னாவின் உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் என் லென்ஸ் இரண்டு குடும்பங்களுக்குள் பகையை மூட்டப்போகிறது என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில், வெள்ளைக்காரர் சொன்னதையெல்லாம் எடுத்து மாமியிடம் விட்டேன்.

"மாமி, இது ஒரு கலை. பின்னால மங்கலா வந்தாத்தான் கண்ணு முன்னால போகும். ஹஸ்னாட கண்ணப் பாருங்களன், எப்படி இரிக்கி எண்டு."

மாமி திரும்பி என்னைப் பார்த்தா.

"அவட கண்ண நாங்க பொண்ணு பாக்க வந்த நேரமே பாத்தாச்சி மகள். எண்ட மூஞ்சி எங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரைக்கும் எந்த வெள்ளைக்காரரும் பதில் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன். மெல்லிய அழுகை இல்லை, மூக்கைச் சிந்தும் அழுகை. மாமிக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மூக்குக்குத் தன் சாரித் தலைப்பையே நீட்டினா (டீவியைத் துடைத்த அதே தலைப்பு). "அழாத புள்ள. திரும்ப எடுப்பம். அந்தக் கெமராவையே கொண்டு வா. எண்ட சங்கிலிய அப்படிக் காட்டின சாமான், ஒழுங்காப் புடிச்சா என்னையும் காட்டும்தானே?"

வீட்டுக்கு வந்ததும் கெமராவைப் பையில் போட்டு, "நிஸ்ரின் ராத்தாட்டத் திருப்பிக் குடுக்கப்போறன்" என்று உம்மாவிடம் சொன்னேன். டைல்ஸ் வென்றுவிட்டது, உம்மா மகிழ்வா என்று நினைத்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு உம்மா கோபப்பட்டா. என் மேல் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் மேல். "எண்ட மகள் வேணுமெண்டா செஞ்ச? பொண்ணூட்டு ஆளாம்! நாளைக்குப் போய் அவங்கட மூக்கில இரிக்கிற மசிர் வரைக்கும் எடுத்துக் குடு. இஞ்ச வா, என்னில பழகு."

அன்று பின்னேரம் குசினியில்தான் பயிற்சி. வாங்குப் பலகையில் உம்மா இருந்தா. அவவுக்குப் பின்னால் மாப்போத்தல், சீனிப்போத்தல், தேயிலைப்பேணி என்று ஒரு வரிசை. அவைதான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அப்பச்சரை ஒவ்வொரு படியாக மூடிக்கொண்டு வந்தேன். முதலில் உம்மாவின் மூக்கு மட்டும் தெரிந்தது, பிறகு காது வந்தது, பிறகு சீனிப்போத்தல், கடைசியில் தேயிலைப்பேணியில் இருந்த பூவும் வந்து சேர்ந்தது. இவ்வளவுதான் விசயம். கொய்யாப்பழத்தோடு நின்றுவிடாமல் முன்பே இப்படி ஒரு நாள் பழகியிருந்தால் மாமி தப்பியிருப்பா.

கடைசிப் படத்தை உம்மாவிடம் காட்டினேன். எங்கள் குசினியில் ஒரு சின்ன ஜன்னல்தான், அதுவும் புகையடித்த ஜன்னல். அந்த வெளிச்சத்தில் என் பழைய கெமரா எதையுமே எடுத்திருக்காது. இந்தப் படத்தில் உம்மா இருந்தா. நெற்றியில் ஒட்டிய முடி, அடுப்பு வெக்கையில் மினுங்கும் கன்னம், எதையோ சொல்லப்போகும் வாய். உம்மா அதை நெடுநேரம் பார்த்தா.

"நான் இப்படியா புள்ள இரிக்கன்?"

"ஓம் உம்மா."

"கலியாணத்துக்குப் புறகு என்ன ஒராளும் தனிய எடுக்கல்ல, தெரியுமா?"

அது உண்மை. ஊரில் உள்ள உம்மாமாரையெல்லாம் எடுக்கிற நான் என் உம்மாவை எடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, ஏதோ ஒரு நல்ல காரியம் இப்போதுதான் தொடங்குகிறது என்ற சந்தோசமும் இருந்தது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத ஒராளுக்கும் அனுப்பிராத, பிரேம் போடு" என்றா. பிறகு வாசல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னா: "கேட்டீங்களா? இந்தப் போகத்துக்கு நிலம் சீமெந்தாவே கிடக்கட்டும்!" வெளியில் வாப்பா மறுபடியும் ஃபோனில் கதைக்கத் தொடங்கினார்.

மறுபடியும் சம்மாந்துறை. திரும்ப எடுப்பது என்று சொல்வது சுலபம். ஹஸ்னா உடுத்த சிவப்புக் கலியாணச் சாரி வாடகைச் சாரி, அது அதற்குள் வேறொரு மணப்பெண்ணுக்குப் போய்விட்டது. அதனால் அவள் பச்சைச் சாரி உடுத்தாள். மருதாணி பாதி அழிந்து கை முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. தடிமன் பிடித்து மூக்கு வேறு ஒழுகியது. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அச்சுப் பிசகாமல் அதே சாரி, அதே நகையோடு வந்து இறங்கினார்கள். குரவை விடச் சொன்னால் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. சங்கிலி கழுத்தில் விழும் நேரம் பார்த்து ஹஸ்னா தும்மினாள். மாமி "அல்ஹம்துலில்லாஹ் சொல்லு புள்ள" என்று சொல்லிச் சிரித்தா. அறையே சிரித்தது. நான் அந்த இடத்தில் அழுத்தினேன். முன்வரிசை, பின்வரிசை, வாசலில் நின்றவர்கள் என்று எல்லோரும் விழுந்தார்கள். என்னைப் "பொண்ணூட்டு ஆள்" என்ற அந்தச் சகோதரி, தன் மகளின் கலியாணத்துக்கு அந்த இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டா. கெமரா அன்றைக்கே எனக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிஸ்ரின் ராத்தாவுக்கு அடுத்த நாள்தான் சொன்னேன்.

ஹஸ்னாவின் அல்பத்தில் மணப்பெண் பாதிப் பக்கம் சிவப்பு, பாதிப் பக்கம் பச்சை. "எங்கட மாப்பிள்ள சிவப்புப் பொண்ண முடிச்சி, பச்சைப் பொண்ணோட குடும்பம் நடத்துறார்" என்று அந்த வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு மாதிரி. உம்மா மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தால் "எல்லாரும் சம்சுன் மாமியாத் தெரியிறீங்க" என்பா.

போன பெருநாளுக்கு மாமியின் வீட்டுக்குப் போனேன். விறாந்தைச் சுவரில், பொன்னிறச் சட்டத்துக்குள், ஒரு ஆள் உயரத்துக்குப் பெருப்பித்துப் படம் மாட்டியிருந்தது. கடுகு நிறப் புகை! திரும்ப எடுத்த தெளிவான படம் அலுமாரிக்குள் இருக்கிறதாம்.

"என்ன மாமி இது?" என்று கேட்டேன்.

மாமி என் காதுக்குக் கிட்ட வந்தா. "மத்ததில எல்லாச் சுருக்கமும் விழுந்திரிச்சி மகள். இதப் பாத்தா எண்ட வயச ஒராளுக்கும் கண்டுபுடிக்கேலா."

இப்போது கலியாண வீடுகளில், எல்லோரும் ஒதுங்கிய பிறகு, வயதான பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வருகிறார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரே விசயத்தைத்தான் கேட்கிறார்கள்.

"மகள், சம்சுனுக்கு எடுத்த மாதிரி எனக்கும் ஒண்டு எடு."